மேற்கு எல்லை

பென்னாகரத்திலிருந்து படிவம் வந்தது.
ஒன்பதாம் கட்டம்:
'ஊரின் குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்.'
நாலு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.
பரிசலில் வந்ததால்
மூன்றாவது வரி ஏற்கெனவே நனைந்திருந்தது.

ஏழுகுண்டு தீவான நாளை
யாரும் குறித்து வைக்கவில்லை.
அணைத் தண்ணீர் பின்னுக்கு ஏறி வந்தபோது
முதலில் கம்பங்கொல்லை போனது,
மறுநாள் சுடுகாடு,
அதற்கடுத்த நாள் தபால்காரர் வரும் தடம்.
கரைக்குப் போனவர்கள் போனார்கள்.
குண்டுமேட்டில் நின்றவர்கள்
'இதுக்கு மேல ஏறாது' என்றார்கள்.
ஏறவில்லை.
வெகுகாலம் இறங்கவும் இல்லை.
இதை எழுதினாலே
இரண்டு வரி போய்விடும்.

ஓட்டுப்பெட்டி முதன்முதலில் வந்த வருடம்
பரிசல் சுழன்றதில் அதிகாரிக்குக் குமட்டியது.
பெட்டியைக் கட்டிப்பிடித்தபடியே
வேடியப்பனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார்,
பரிசல்காரன் அந்த நேரத்துக்குச் சொல்லிக்கொடுத்த சாமி.
எங்கள் ஓட்டு அறுபத்தொன்று.
எண்ணியபோது அறுபத்திரண்டு.
நடு ஆற்றில் முதலை ஒன்று
மை வைக்கச் சொல்லிக் கையை நீட்டியதாம்,
கெம்பன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.
சேவல் மட்டும் பாக்கி.

பெருவெள்ள வருடம்
பள்ளிக்கூட மொட்டைமாடியில்
நாற்பது ஆடு, எண்பது சனம்,
ஒரு கட்டுவிரியன்.
மூன்று ராத்திரி.
அது தண்ணீர்த்தொட்டி ஓரத்தில் சுருண்டிருந்தது,
யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.
விடிந்ததும் ஆடுகளை எண்ணினோம்.
சனங்களை எண்ண
மாதியம்மா விடவில்லை.
எண்ணினால்தானே குறையும் என்றாள்.
நிவாரணப் பட்டியலில்
எங்கள் ஊருக்கு நேராக எழுதியிருந்தது:
'தகவல் முழுமையில்லை.'

அப்புறம் அந்தக் காய்ந்த வருடம்.
மேற்குக் கிளை நூலாகி, நூலும் அறுந்து,
சேறு வெடித்து வழி திறந்தது.
வெடிப்புகளுக்கு நடுவே ஒரு மைல்கல்,
'பென்னாகரம் 14'.
அதுவரை கெளுத்திகளுக்கு
வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
அக்கரையிலிருந்து டிவிஎஸ் ஐம்பதில்
ஐஸ்காரன் வந்தான்.
ஊருக்குள் முதல் மோட்டார்.
பிள்ளைகள் ஐஸைக் கையில் உருகவிட்டு
டயர்த்தடத்தில் விரல் வைத்துப் பார்த்தார்கள்.

அந்த வழியில்தான் பூங்காவனம் வந்தாள்.
பத்தொன்பது வருடம் முன்பு
அக்கரைக்காரனோடு பரிசல் ஏறியவள்.
அவள் அப்பன் பச்சான்
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அன்று கத்தினார்:
'ஆறு வத்தினா வா!'
முழு ஆறும் வற்றவில்லை.
அவளுக்கு ஒரு கிளை போதும்.
செருப்பைக் கையில் பிடித்தபடி
வெடிப்பு வெடிப்பாகத் தாண்டி வந்து
வாசலில் நின்றாள்.
பச்சான் பேசவில்லை.
உள்ளே போய்த் தானே களி கிண்டினார்.
அடிப்பிடித்தது.
இரண்டு தட்டு வைத்தார்.

ஒன்பது நாள் இருந்தாள்.
பத்தாம் நாள்
கர்நாடகத்தில் மழை என்றது ரேடியோ.
ஊரே கைதட்டியது.
பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்குது என்று
மதியமே கிளம்பிவிட்டாள்.
பச்சான் எழுந்துபோய்
அந்த மைல்கல்மேல் உட்கார்ந்தார்,
தண்ணீர் முழங்காலைத் தொடும்வரை.
பிறகும் கொஞ்ச நேரம்.

நான் எழுதியது:
அணை. தேர்தல். வெள்ளம். வறட்சி.
வரிக்கு ஒரு சொல்.
கையெழுத்து நன்றாயிருக்கிறது என்றார் அதிகாரி.
பத்தாம் கட்டத்தில்தான்
சிவப்பு மையால் சுழித்தார்.
ஊரின் எல்லைகள்:
வடக்கு, தண்ணீர். தெற்கு, தண்ணீர்.
கிழக்கு, தண்ணீர்.
மேற்கை விட்டிருந்தேன்.
'ஏம்மா, மேற்கே என்ன?'

இன்னும் சித்திரை முடியலைங்க சார்,
என்றேன்.